கண்வலி விதையும் பிரித்தெடுக்கும் வித்தையும்

கண்வலிக்கிழங்குத் தோட்டத்தில் பூ விட்ட நாட்களில் காலை எட்டு மணி முதல் பதினொன்று வரைதான் முக்கியமான வேலை. திண்டுக்கல்லிலிருந்து மேற்கே ஒட்டன்சத்திரம் போய், அம்பிளிக்கைப் பக்கமுள்ள ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தபோது ஐப்பசி மாதம். கிளுவையிலும் கம்பியிலும் படர்ந்து கிடந்த கொடிகளுக்கு நடுவே பெண்கள் குனிந்தும் நிமிர்ந்தும் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

நம் மாநில மலரான செங்காந்தள்தான் இந்தப் பயிர். இதன் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, பூவை விட்டு வெளியே நீண்டு நிற்கிறது. மகரந்தப் பைகள் அதற்கு எட்டுவதில்லை. அதனால் ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் கையால் தொட்டுவிட வேண்டியிருக்கிறது.

"வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரணும் தம்பி. மழை வந்துட்டா தொட்டுவிட்டதும் வீணாப் போயிரும்" என்றார் மூத்த பெண் ஒருவர். பேசும்போதும் அவர் கை நிற்கவில்லை. ஒரே கொடியில் நேற்றுத் தொட்ட பூ எது, இன்று மலர்ந்தது எது என்பதை நிறத்தைப் பார்த்தே சொன்னார். மஞ்சளும் பச்சையுமாய் விரியும் இதழ் நாளாக ஆகச் சிவந்துவிடும்.

ஆடி, ஆவணியில் கிழங்கு ஊன்றினால் தை வாக்கில் காய் பறிக்கலாம். காயை நிழலில் உலர்த்தி, உடைத்து, விதையை மறுபடி காய வைக்கிறார்கள். கிழங்கு, விதை இரண்டுமே நஞ்சு. "கையைக் கழுவாம ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டோம்" என்றார் விதை பிரித்துக்கொண்டிருந்த இன்னொருவர்.

அந்த நஞ்சுக்குத்தான் விலை. அதன் பெயர் கொல்கிசின். பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெட்டியேவும் காவாந்தூவும் இதை 1820இல் ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கீல்வாதத்தில் ஒருவகையான கவுட் நோய்க்கு இது பழைய மருந்து. இதய நோயாளிகளுக்குக் குறைந்த அளவில் கொடுக்க அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023இல் அனுமதி அளித்தது. ஆனால் நூறு கிலோ விதையில் கொல்கிசின் ஒரு கிலோ அளவுக்குத்தான் தேறும். மீதியெல்லாம் எண்ணெய், சர்க்கரை, நார், நிறமிகள். அவற்றோடு கொல்கிசினின் உடன்பிறப்பு போன்ற கொல்கிகோசைடும் உண்டு. தசைப்பிடிப்பு மாத்திரைக்கு மூலப்பொருள் அது. உருவத்தில் இவ்வளவு நெருங்கிய மூலக்கூறுகளைத் தனித்தனியே பிரிப்பதற்குக் கரைப்பான்கள் ஏராளமாகச் செலவாகின்றன. கழுவுவதும் வடிப்பதும் படிகமாக்குவதும் பலமுறை நடக்க வேண்டும்.

மூலக்கூறு அச்சுப் பாலிமர் இந்த இடத்தில்தான் கைகொடுக்கக் கூடும். திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பூட்டு, தன் சாவிக்கு மட்டுமே திறக்கும். இந்த வேதியியலில் சாவிதான் முதலில் வருகிறது. வேண்டிய மூலக்கூறை நடுவில் வைத்து, அதைச் சுற்றிப் பூட்டை வார்த்து, பிறகு சாவியை உருவிவிடுகிறார்கள்.

செய்முறை இதுதான். பிரிக்க வேண்டிய பொருளைக் கரைத்து, அதைப் பற்றிக்கொள்ளும் மெத்தாக்ரிலிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். அவற்றைக் குறுக்கே பிணைக்கும் பொருளையும் கலந்து வெப்பமோ புற ஊதா ஒளியோ கொடுத்தால் கலவை கெட்டிப்படும். அதைப் பொடித்துச் சலித்து, மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் கலந்து கழுவினால் அச்சாக வைத்த பொருள் வெளியேறும். அதன் உருவமும் பிடிமானமும் கொண்ட குழிகள் பாலிமரில் மிஞ்சும். செடியின் சாற்றை இதன் வழியே ஓட்டும்போது அந்தப் பொருள் மற்றவற்றைவிட அதிகமாகத் தங்கும். பிறகு வேறொரு கரைப்பானால் அதை இறக்கிக்கொள்ளலாம். பாலிமரைத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

ஜெர்மனியில் குன்டர் வுல்ஃப் 1972இல் இதற்கு வழி திறந்தார். ஸ்வீடனில் கிளாஸ் மோஸ்பாக்கின் குழு, ஆன்டிபாடியைப் போலவே இத்தகைய பாலிமரும் தியோஃபிலின் என்ற மருந்தை இனங்காணும் என்று 1993இல் காட்டியது. சிறு குழாய்களில் அடைத்த இந்தப் பாலிமர்கள் இன்று ஆய்வுக்கூடங்களுக்கு விற்பனைக்கே வருகின்றன. குறைகளும் உண்டு. அச்சுக்கு முதலில் தூய பொருள் வேண்டும். குழிகளில் மிஞ்சும் துளி பின்னால் கசிந்து கணக்கைக் குழப்பும். டன் கணக்கில் பிரிக்கும் ஆலைக்கு இது இன்னும் எளிதில் கட்டுப்படியாகாது.

ஆனால் ஒட்டன்சத்திரத்துக்கு உடனே வேண்டியது ஆலை அல்ல, அளவை. விதை எடைக்கு விலை போகிறது. அதில் கொல்கிசின் எவ்வளவு என்பது வாங்குபவரின் ஆய்வுக்கூடத்துக்குத்தான் தெரியும். "போன வருசம் ஒரு விலை, இந்த வருசம் ஒரு விலை. ஏன்னு கேட்டா பதில் இல்லைங்க" என்றார் தோட்டக்காரர். ஒரு பிடி விதையின் சாற்றை அச்சுப் பாலிமர்க் குழாயில் ஓட்டிக் கொல்கிசினைத் தனியே எடுத்துவிட்டால், அதை அளப்பது சுலபமாகும். தரம் தெரிந்தால் விவசாயி விலை பேசலாம். நல்ல கிழங்கைத் தேர்ந்து ஊன்றலாம்.

திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே, கிராமத்துக்காக 1956இல் தொடங்கிய காந்திகிராமக் கிராமிய நிறுவனம் இருக்கிறது. அதுவும் வேளாண் துறையும் விவசாயிகள் குழுக்களும் கைகோத்து இத்தகைய பரிசோதனையைச் சந்தைக்கே கொண்டுவர முயல வேண்டும். காலையெல்லாம் பூப்பூவாகத் தொட்டுவிடும் பெண்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கிடைக்க வேண்டும். உயர்ந்த தரத்துக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில் அவர்கள் கூலிக்கும் பங்கு இருக்க வேண்டும்.