ஏழுக்கு ஆறு

ஏழு வெற்றி, ஆறு தோல்வி. அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு நிக் சேபன் பயிற்சியாளராக வந்த முதல் சீசனின் கணக்கு அது. 2007 நவம்பரில், டஸ்கலூசாவில் சொந்த மைதானத்திலேயே, லூசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடம் 21-14 என்று தோற்றார்கள். அடுத்த செய்தியாளர் சந்திப்பில், பேரிடி விழுந்த பிறகு எழுந்து நிற்பதைப் பற்றிச் சொல்லப்போய், பெர்ல் ஹார்பரையும் செப்டம்பர் 11-ஐயும் உதாரணம் காட்டி நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார் சேபன். பாடப்புத்தக முறைகேடு ஒன்றுக்காக அந்த சீசனின் ஐந்து வெற்றிகள் பின்னாளில் ரத்தானதால், ஏட்டில் இன்று அது 2-6 என்றே நிற்கிறது.

இப்போதைய பயிற்சியாளர் கேலன் டிபோருக்காக வாதாடுகிறவர்கள் முதலில் இறக்கும் சீட்டு இதுதான். எதிரணி அதைக் காதில் வாங்காது. பர்மிங்ஹாமில் நான் முடிவெட்டிக்கொள்ளும் சலூனில் இந்த வழக்கு இரண்டு வருடமாக நடக்கிறது. கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஆளை முட்டி ஓடும் அமெரிக்க ஆட்டம் எனக்கு இன்னும் பாதிதான் புரியும். இந்த வழக்கு முழுசாகப் புரிகிறது. இரண்டு தலைமுறை ஒரே கூடத்தில் உட்கார்ந்து, போனவர் வந்தவர் கணக்குப் பேசும் வீட்டில் வளர்ந்த எவருக்கும் புரியும்.

நாட்டின் முதன்மைத் தொழில்முறைக் கால்பந்து லீகில் அலபாமா மாநிலத்துக்கென்று அணி கிடையாது. கால்பந்து ஆசை முழுவதும் கல்லூரி அணிகள்மேல் இறங்கிவிட்டது. டஸ்கலூசாவின் பிரயன்ட்-டென்னி மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். வாசலில் தேசியப் பட்டம் வென்று தந்த பயிற்சியாளர்களுக்கு வெண்கலச் சிலைகள்: வாலஸ் வேட், ஃபிராங்க் தாமஸ், பால் பிரயன்ட், ஜீன் ஸ்டாலிங்ஸ், சேபன். சேபனுக்கு 2011-லேயே, வேலையில் இருக்கும்போதே சிலை எழுந்துவிட்டது. 2024 செப்டம்பரில் ஆடுகளத்துக்கும் அவர் பெயரை வைத்தார்கள். ஆக, டிபோர் பிரயன்ட் பெயர் கொண்ட மைதானத்துக்குள் நுழைந்து, சேபன் பெயர் கொண்ட புல்தரையில் நின்று வேலை பார்க்கிறார்.

அவர் வந்த கதை சுருக்கமானது. 2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வை அறிவித்தார். 12-ஆம் தேதி டிபோர் வந்தாயிற்று. தெற்கு டகோட்டாக்காரர். சூ ஃபால்ஸ் என்ற சிறிய கல்லூரியில் 67 ஆட்டம் ஜெயித்து மூன்றே மூன்று தோற்றவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். தலைமைப் பயிற்சியாளராக அதுவரை அவருடைய மொத்தக் கணக்கு 104-12. வேறு எந்த ஊராக இருந்தாலும் மேளம் கொட்டி வரவேற்றிருப்பார்கள். அலபாமாவிலும் கொட்டினார்கள்தான். 2024 செப்டம்பர் கடைசியில் ஜார்ஜியாவை 41-34 என்று வென்று முதலிடத்துக்குப் போனபோது சலூனில் ஒரே சிரிப்பு. அடுத்த சனிக்கிழமை வாண்டர்பில்ட்டிடம் 40-35 என்று தோற்றார்கள். ஜெயித்த ஊர்க்காரர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்கள் வழியே தூக்கிக்கொண்டு போய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். அன்றிலிருந்து சலூனில் எல்லாருக்கும் ஞாபகசக்தி கூடிவிட்டது.

வாண்டர்பில்ட்டிடம் அலபாமா அதற்கு முன் தோற்றது 1984-இல். அந்த வருடத்தை யாராவது சொன்னால் சலூனில் இருக்கும் வயதானவர்கள் முகம் மாறும். அது ரே பெர்கின்ஸ் வருடம்.

பிரயன்ட்டைப் பற்றிச் சொல்லாமல் பெர்கின்ஸைச் சொல்ல முடியாது. ‘கரடி’ பிரயன்ட் என்றால்தான் அங்கே தெரியும். 1958 முதல் 1982 வரை இருபத்தைந்து சீசன், ஆறு தேசியப் பட்டம், அலபாமாவில் மட்டும் 232 வெற்றி. 1982 டிசம்பர் 29-இல் கடைசி ஆட்டம். சரியாக நான்கு வாரம் கழித்து, 1983 ஜனவரி 26-இல், மாரடைப்பில் போய்விட்டார். டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் கல்லறைத் தோட்டம் வரை நெடுஞ்சாலை ஓரத்திலும் மேம்பாலங்களிலும் ஜனம் தொப்பியைக் கழற்றி நின்றது. அந்த நாற்காலியில்தான் பெர்கின்ஸ் உட்கார்ந்தார். பிரயன்ட்டிடமே ஆடியவர், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் வேலையை உதறிவிட்டு வந்தவர். பிரயன்ட் ஏறி நின்று பயிற்சியைப் பார்வையிட்ட கோபுரத்தை அவர் அகற்றினார். ஆட்டத்தின் பாணியை மாற்றினார். இரண்டாம் வருடம் 5-6. இருபத்தேழு வருடத்தில் முதல்முறையாக வெற்றியைவிடத் தோல்வி அதிகம்.

செத்த மாடு குடம் குடமாகப் பால் கறந்தது என்று நம் ஊரில் சொல்வார்கள். பிரயன்ட்டும் 1969-இல் 6-5, 1970-இல் 6-5-1 என்று தடுமாறியவர். கிழவருக்கு வயதாகிவிட்டது என்று அன்றைக்கும் முணுமுணுத்திருக்கிறார்கள். 1971-இல் அவர் ஆட்ட முறையையே மாற்றி மீண்டார். பெர்கின்ஸோடு ஒப்பிட்டபோது அந்த இரண்டு வருடமும் யார் கணக்கிலும் ஏறவில்லை. பெர்கின்ஸின் மொத்தக் கணக்கு 32-15-1. மோசமென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு மனத்தை விட்டுப் போகாதவர் பெர்கின்ஸ் இல்லை, அவருக்கு அடுத்து வந்த பில் கரி. மூன்றே வருடம், 26 வெற்றி, 10 தோல்வி. அவருடைய குற்றம் பிறப்பிலேயே தொடங்குகிறது: ஜார்ஜியா டெக்கில் ஆடியவர், அங்கேயே பயிற்சியாளராகவும் இருந்தவர். 1961 ஆட்டத்தில் ஒரு டெக் வீரரின் தாடை உடைந்த நாளிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அலபாமாவுக்கும் ஆகாது. பிரயன்ட்டின் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்க, பகையாளி வீட்டு ஆளா என்று வந்த அன்றே பேச்சு. 1988-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்திடம் சொந்த ஊரில் தோற்றபோது அவருடைய அலுவலக ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு செங்கல் உள்ளே வந்தது. மறு வருடம் மனிதர் முதல் பத்து ஆட்டத்தையும் ஜெயித்தார். பதினோராவது ஆட்டம் அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான ஆபர்னோடு. பர்மிங்ஹாமிலேயே நடந்துவந்த அந்தப் பங்காளிச் சண்டை முதல்முறையாக ஆபர்ன் ஊருக்குப் போன நாள், 1989 டிசம்பர் 2. தோல்வி, 30-20. ஆபர்னிடம் மூன்று வருடத்தில் மூன்றாவது தோல்வி. பத்து வெற்றி கணக்கில் இல்லை, அந்த ஒன்று இருந்தது. அடுத்த மாதம் கரி கென்டக்கிக்குப் போய்விட்டார். கூடைப்பந்தைக் கும்பிடும் ஊர் அது. அலபாமாவை விட்டுவிட்டு ஒருவர் தானாக அங்கே போனார் என்றால், இங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்று யூகித்துக்கொள்ளலாம்.

கரியின் கதையைக் கேட்டபோது, நம்மாளா இல்லையா என்பதுதான் இந்த ஒப்பீடுகளின் ஆணிவேர் என்று எனக்குத் தோன்றியது. ஸ்டாலிங்ஸ் 1990-இல் முதல் மூன்று ஆட்டமும் தோற்றார். ஆனால் அவர் டெக்சாஸில் பிரயன்ட்டிடம் ஆடியவர், பொறுத்துக்கொண்டார்கள், 1992-இல் பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு இந்தக் கணக்கு உதைக்கிறது. மைக் டுபோஸ், மைக் ஷூலா இருவரும் அலபாமாவுக்கே ஆடிய வீட்டுப் பிள்ளைகள், இருவரையும் துரத்தினார்கள். சேபனோ மேற்கு வர்ஜீனியாக்காரர், அதுவும் ஜென்மப் பகையான லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவரைப்போல வெளியாள் கிடையாது. இன்று அவரை வெளியாள் என்று சொல்லிப் பாருங்கள், சலூனிலிருந்து பாதி முடியோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். ஜெயித்தவருக்குப் பின்னோக்கிப் பூர்வீகம் எழுதிக் கொடுக்கிறார்கள்.

டிபோர் விஷயத்தில் இன்னொரு சங்கடம் சேர்ந்துகொண்டது. பெர்கின்ஸுக்கு முன்னவர் மண்ணுக்குள் இருந்தார். டிபோருக்கு முன்னவர் சனிக்கிழமை காலைதோறும் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஆட்டங்களை அலசுகிறார். எது கஷ்டம் என்றால், இரண்டாவதுதான் என்பேன். இறந்தவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்லலாம். உயிரோடு இருப்பவர் புருவத்தை உயர்த்தினாலே செய்தி. சேபன் புதியவரைப் பற்றி நல்லதாகத்தான் பேசுகிறார். அந்தப் பெருந்தன்மையே அவருக்கு இன்னொரு மார்க்காகப் போய்ச் சேருகிறது.

ஹன்ட்ஸ்வில்லில் ஒரு தமிழ் நண்பர் குடும்பம் இருக்கிறது. விண்வெளித் துறை வேலை, வீட்டில் சாம்பார், வாசலில் அலபாமா அணியின் சிவப்புக் கொடி. அவர்கள் பையன் சேபன் வந்த சமயத்தில் பிறந்தவன். 2009, 2011, 2012, 2015, 2017, 2020 என்று ஆறு பட்டங்கள் அவன் பள்ளியை முடிப்பதற்குள் வந்துவிட்டன. தோற்பது என்றால் மேலதிகாரி யாரோ தப்புப் பண்ணிவிட்டார் என்றுதான் அவனுக்கு அர்த்தம். “சேபன் இருந்திருந்தா வாண்டர்பில்ட்கிட்ட தோத்திருப்போமா, அங்கிள்?” என்று என்னைக் கேட்டான். அவனிடம் டிபோருக்கு ஜாமீன் கிடையாது. சலூனுக்கு வரும் ஓய்வுபெற்ற இரும்பாலைத் தொழிலாளி ஒருவர் நேர் எதிர். பிரயன்ட்டின் இறுதி ஊர்வலத்தை மேம்பாலத்தில் நின்று பார்த்தவர். 1983-க்கும் 2006-க்கும் இடையில் வந்துபோன ஏழு பேரையும் வரிசையாக ஒப்பிப்பார், ஒரு ஆட்டம்கூட ஆடுமுன் விடுதிச் சேட்டை ஒன்றுக்காக வேலை போன மைக் பிரைஸ் உட்பட. இருபத்துநான்கு சீசன், ஒரே ஒரு பட்டம். அதைக் கடந்து வந்தவருக்குப் பொறுமை தானாக வந்துவிட்டது. யாரை எவரோடு ஒப்பிடுகிறார்கள் என்பது பயிற்சியாளரைவிட ஒப்பிடுகிறவர் வயதைத்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

2025 சீசன் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 31-17 தோல்வியோடு தொடங்கியது. அடுத்த வாரமே 73-0 என்று ஒரு வெற்றி. எதிரணி யார் என்றால், அதே லூசியானா-மன்ரோ! டிபோர் கட்சி அன்று முழுக்கத் துள்ளியது. தொடர்ந்து எட்டு வெற்றி. சீசன் 11-4 என்று முடிந்தது. இங்கேதான் சலூன்காரர் துணியை உதறிவிட்டு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். டிபோரின் முதல் இரண்டு வருடம்: 9-4, 11-4, ஆக 20-8. களத்தில் நடந்ததை மட்டும் வைத்தால் சேபனின் முதல் இரண்டு வருடம்: 7-6, 12-2, ஆக 19-8. பிரயன்ட்டுடையது 12-6, மூன்று சமன். காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டியும் வைத்தார்.

இரும்பாலைக்காரர் டிபோர் பக்கம் சாய்பவர்தான். ஆனால் அந்தக் காகிதத்தை அவரே ஏற்கவில்லை. “சேபன் கைக்கு வந்தது ஷூலாவின் 6-7 அணி. இவர் கைக்கு வந்தது அரையிறுதி ஆடிய அணி” என்றார். நியாயமான பேச்சு. பிரயன்ட்டுக்குக் கிடைத்ததோ மூன்று வருடத்தில் நான்கே நான்கு ஆட்டம் ஜெயித்திருந்த அணி. பள்ளத்திலிருந்து ஏறுகிறவருக்கு ஒவ்வொரு படியும் கைதட்டல். உச்சியில் ஏற்றிவிடப்பட்டவர் நகர்ந்தாலே இறக்கம்தான்.

என் பங்குக்கு ஒன்று சொன்னேன், யாரும் சட்டை செய்யவில்லை. சேபன் வருடாவருடம் நாட்டின் சிறந்த பையன்களைச் சேர்த்து, இரண்டாம் வரிசையிலேயே இரண்டு வருடம் உட்காரவைத்துப் பழுக்கவைத்தார். இப்போது எந்தப் பையனும் உட்கார வேண்டியதில்லை. உடனே வேறு கல்லூரிக்கு மாறலாம், பெயரை விற்றுச் சம்பாதிக்கலாம், 2025-லிருந்து கல்லூரியே பணம் கொடுக்கலாம். சேபன் போன கையோடு, அணியின் சிறந்த தடுப்பாட்டக்காரரான கேலப் டவுன்ஸ் ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போய், அந்த சீசனிலேயே தேசியப் பட்டமும் வாங்கினார். பழைய ஆட்டமே இல்லாதபோது பழைய ஆளை அளவுகோலாக வைக்கலாமா? “அதனாலதானே அந்த மனுஷன் நேரத்துக்குக் கிளம்பினார்” என்று அதற்கும் சேபனுக்கே ஒரு மார்க் போட்டார்கள்.

2026 ஜனவரி 1 அன்று பசடீனாவில் ரோஸ் பவுல் ஆட்டம். இந்தியானா 38, அலபாமா 3. சரியாக நூறு வருடத்துக்கு முன், 1926 ஜனவரி 1 அன்று, இதே ரோஸ் பவுலில்தான் வாலஸ் வேடின் பிள்ளைகள் வாஷிங்டனை 20-19 என்று வென்று தெற்கு மாநிலங்களுக்கே மானம் சேர்த்தார்கள். சேபன்கூட ஒருநாளும் இப்படி அடி வாங்கவில்லை என்று ஆரம்பித்த பேச்சு, அடுத்த வாரத்துக்குள் திசை மாறியிருந்தது. இந்தியானாவின் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, 2007-இல் சேபன் அமைத்த முதல் குழுவில் இருந்தவர். அந்த 7-6 வருடத்தில் கூடவே நின்றவர். ஆக முன்னவர்கள் பட்டியலில் இப்போது புதிதாக ஒருவர்: வரவே வராதவர். “2024-இல் சிக்னெட்டியைக் கூப்பிட்டிருக்கணும். கண்முன்னாலே இருந்தார்” என்று நாற்காலியில் இருந்தவர் அடித்துச் சொன்னார்.

இரும்பாலைக்காரர் செய்தித்தாளை மடித்தார். “2006 டிசம்பர்ல அலபாமாவுக்குப் பயிற்சியாளரா வர ரிச் ரோட்ரிகஸ் ஒப்புக்கொண்டார்னு ரேடியோவில் கேட்டுட்டு, தெரு பூராவும் வண்டியில ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போனவன் நான்” என்றார். “மறுநாள் அவர் வரலைன்னுட்டார். நான் அன்னிக்கு ராத்திரி சாப்பிடல.”