யார் ஜாமீன்?

என் சிநேகிதர் ஒருவர் சென்ற வருஷம் ஆம்ஸ்டர்டாம் போய் வந்தார். வந்த நாளிலிருந்து அவருக்குப் பேச்சு ஒன்றுதான். "வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தேன் ஐயா, ஊரையே சுற்றிவிட்டேன். கால்வாய் ஓரம் சைக்கிள், பாலத்தின் மேல் சைக்கிள், மழையிலும் சைக்கிள்!" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. டிக்கெட் விலையைச் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பில் அந்த ஆசை பாதி அடங்கிற்று. மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு ரயிலேறினேன்.

ஏன் தூத்துக்குடி என்று கேட்பீர்கள். டச்சுக்காரன் ஊருக்குப் போக முடியாவிட்டால் என்ன, டச்சுக்காரன் வந்து குடியிருந்த ஊருக்குப் போகலாமே! 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து இந்தத் துறைமுகத்தைப் பிடித்தவர்கள் அவர்கள். நடுவில் ஆங்கிலேயர் கைக்கும் தங்கள் கைக்குமாக மாறி, 1825-ல்தான் ஒரேயடியாக ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

இது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே இன்னொன்று இருந்தது. பல வருஷங்களுக்கு முன் முத்துக்குளிப்பை வைத்து நான் ஒரு நாவல் எழுதினேன். நாலு பதிப்பு வந்தது. அதற்காக நான் தூத்துக்குடியில் இருந்தது ஒரே ஒரு பகல், அதுவும் காரில். மற்றதெல்லாம் புத்தகசாலையில் கிடைத்தது. அந்த உறுத்தல் மட்டும் போகவேயில்லை.

வாடகைச் சைக்கிள் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு கிடைத்தது. மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. இப்போது அது மியூசியச் சரக்காகிவிட்டது. விசாரித்து விசாரித்து, ஒரு சந்துக்குள் பஞ்சர் ஒட்டும் கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பழைய சைக்கிள் இரண்டை இன்னும் வாடகைக்கு வைத்திருந்தார்.

"எடுத்துக்கிடுங்க. யார் ஜாமீன்?" என்றார்.

ஆதார் அட்டையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல படம் இருக்கு அண்ணாச்சி. ஆளைத் தெரியணும்லா?"

நான் கதை எழுதுகிறவன் என்றேன். அதனால் அவர் சந்தேகம் கூடிற்று என்றுதான் தோன்றியது. கடைசியில் எதிரே இருந்த டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார்: "குடுங்க அண்ணாச்சி. காலையில ரெண்டு டீ குடிச்சாரு, காசு சரியாக் குடுத்தாரு. நான் ஜாமீன்."

இரண்டு டீயின் பலத்தில் சைக்கிள் என் கைக்கு வந்தது.

முதலில் கடற்கரைச் சாலைக்குப் போனேன். ஆகஸ்ட் 5-ந் தேதித் திருவிழா முடிந்து, பனிமய மாதா கோவில் முன்னே பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோவில் கட்டியது 1713-ல். அதாவது, கத்தோலிக்க மதத்தை விரும்பாத டச்சுக்காரர் ஆட்சியிலேயே கட்டியிருக்கிறார்கள்! டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று 1750-ல் எழுப்பிய திரித்துவ ஆலயமும் இந்த ஊரிலேயே நிற்கிறது. அவர்களுடைய கம்பெனியின் பெயரைச் சுருக்கினால் ஆங்கில எழுத்தில் வி.ஓ.சி. என்று வரும். வேடிக்கையைப் பாருங்கள்: 1906-ல் இதே ஊரில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கப்பல் முதலாளிகளைத் திணறடித்த சிதம்பரம் பிள்ளைக்கும் அதே மூன்றெழுத்து. 2011 முதல் துறைமுகத்துக்கு அவர் பெயர்தான். பழைய வி.ஓ.சி.யைப் பற்றி விசாரிக்க என்னைப் போன்ற வேலையற்றவன் சைக்கிளில் வரவேண்டியிருக்கிறது.

அங்கிருந்து தெற்கே, 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதுத் துறைமுகத்தைப் பார்க்கக் கிளம்பினேன். ஆடிக் காற்று எதிரே வந்து நின்றுகொண்டது. இரண்டு பக்கமும் உப்பளம். கண் கூசும் வெள்ளை மேடுகள். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், மேடு நகரவில்லை. காரில் வந்த அன்று இதே உப்பளத்தை 'வெள்ளிக் குவியல்' என்று குறித்துக்கொண்டேன். அன்று கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்ததால் காற்று தெரியவில்லை. பாதி வழியில் தோல்வியை ஒப்புக்கொண்டு சைக்கிளைத் திருப்பினேன். காற்று முதுகில் கை வைத்து, ஊரைத் தாண்டி வடக்கே திரேஸ்புரம் வரை தள்ளிக்கொண்டு போய் விட்டது. அங்கே செயின் கழன்றது.

வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, கையை மசியாக்கிக்கொண்டு செயினை மாட்டிவிட்டார். எண்பது வயது. சங்கு குளித்தவர், அதற்கு முன்னே முத்தும் குளித்தவர். "1961-ல கடைசிக் குளிப்பு. எனக்கு அப்போ பதினாறு. அதுக்கப்புறம் பாருல சிப்பி இல்ல" என்றார்.

எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. என் நாவலின் முடிவைச் சொன்னேன். கதாநாயகன் கடலடியில் பெரிய முத்து ஒன்றைக் கண்டு, கூடையில் வைத்து மேலே அனுப்புகிறான். கூடை கைக்கு வந்ததும், வள்ளத்தில் கயிறு பிடித்திருக்கும் மைத்துனன் ஆசைக்கு அடிமையாகி, கயிற்றை விட்டுவிடுகிறான்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சிப்பிக்குள்ள முத்து இருக்கான்னு கடலுக்கடியில எப்படித் தம்பி தெரியும்? கரைக்குக் கொண்டாந்து மூணு பங்கு வைப்பாங்க. ரெண்டு சர்க்காருக்கு, ஒண்ணு எங்களுக்கு. திறக்காமலே ஆயிரம் சிப்பி இன்ன விலைன்னு ஏலம். எடுத்தவன் அழுகவச்சு, கழுவித்தான் பாக்கணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது போகட்டும். கயித்தை மச்சினன் கையில ஏன் குடுக்கோம்? அண்ணன் தம்பின்னா சொத்துத் தகராறு இருக்கும். மச்சினன் விட்டான்னா, கூடப் பொறந்தவ தாலில்லா அறுந்து போவும்? எங்க அப்பாவுக்கு என் தாய்மாமன்தான் கயிறு. எனக்கும் மொத நாள் அவருதான் பிடிச்சாரு. கல்லோட இறங்கினா எட்டுப் பாகம் தண்ணி. மூச்சு முட்டினதும் ஒரு அசைப்பு. இழுக்காம இருந்துருவாரோன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. இப்ப பயலுவ வாயில ட்யூபைக் கடிச்சிக்கிட்டுச் சங்குக்கு இறங்குதான். மேல கம்ப்ரசரை ஒருத்தன் பாத்துக்கிட்டுத்தான இருக்கான்?"

பிறகு, கோபமில்லாமல்தான் கேட்டார்: "படிச்சவங்க என்ன சொன்னாங்க?"

"அழுதார்கள்" என்றேன்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தார். அவருடைய தாய்மாமனைத்தான் நான் நாலு பதிப்பில் கொலைகாரனாக்கியிருந்தேன்.

திரும்புகிற வழியில் பஞ்சர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஆறு மணிக்கு விடவேண்டிய சைக்கிளை எட்டரைக்கு விட்டேன். சந்தில் மற்றக் கடைகள் எல்லாம் சாத்தியாகிவிட்டன. டீக்கடை அடுப்பும் அணைந்திருந்தது. ஆனால் டீக்கடைக்காரர் மட்டும் சைக்கிள் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்குப் போகவில்லையா?" என்றேன்.

"ஜாமீன் சொல்லிட்டு எப்படிப் போக?" என்றார்.

கடைக்காரர் ஒரு நாள் வாடகைக்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை. பஞ்சருக்கும் வாங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் ஐந்தாம் பதிப்புக்குச் சம்மதம் கேட்டுப் பதிப்பாளர் கடிதம் காத்திருந்தது. முடிவை மாற்ற வேண்டும் என்று எழுதினேன். "அந்த முடிவுதானே விற்கிறது?" என்று பதில் வந்தது. அவர் சொல்வது உண்மைதான். சம்மதக் கடிதத்தை எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். அது இன்னும் என் மேஜையின் மேல்தான் இருக்கிறது.