கோலம் இல்லாத கம்போங் கோலம்

'நாசி கண்டார்' என்ற பெயரைத் தமிழாகவே படித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் மூக்கைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். மலாயில் 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் இரண்டு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் தூக்கும் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் குழம்பையும் அப்படிச் சுமந்து தெருத்தெருவாக விற்ற கதை அந்தப் பெயருக்குள் இருக்கிறது. மூக்குக்கும் அதற்கும் ஒரே தொடர்பு, வாசனைதான்.

இப்படிக் காதை ஏமாற்றும் குட்டிச் சொற்களைத் தேடி ஒரு நாள் சுற்ற வேண்டும் என்றால், பினாங்கு ஜோர்ஜ்டவுனைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. மலாக்காவோடு சேர்ந்து 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமானது. ஒரே தெருமுனையில் நின்றால் தமிழ், மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் நான்கும் காதில் விழும். வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு ஒலிதான் தொழில். 'வழி' என்பதை 'வலி' என்று சொல்லிவிட்டால், 'உங்கள் வழி எங்கள் வழி' என்பது ஆஸ்பத்திரி விளம்பரமாகிவிடும். அதனால் இந்தச் சொல் வேட்டையில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஆர்வம்.

பள்ளி விடுமுறை வருகிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். காலையிலேயே பசியாறிவிட்டு நடந்தால் வெயில் ஏறுவதற்குள் பாதி ஊரைப் பார்த்துவிடலாம்.

கப்பலில் வந்த சொற்கள்

பட்டர்வொர்த்திலிருந்து பெரி ஏறுங்கள். கடலில் தெரியும் பெரிய கப்பல்களைக் காட்டிப் பக்கத்தில் இருக்கும் மலாய்ப் பெரியவரிடம் அது என்ன என்று கேட்டால், 'காப்பால்' என்பார். இது நம் 'கப்பல்'தான். சந்தேகமே வேண்டாம். படகுத்துறையிலிருந்து நடந்து லெபோ பாசாருக்குள் நுழைந்தால் கண்ணில் படும் ஒவ்வொரு 'கெடாய்' பலகையும் நம் 'கடை'. கட்டில் அங்கே 'காத்தில்', மீசை 'மீசாய்', வியாபாரத்துக்குப் போடும் முதல் 'மோடால்'. குயின் தெருவில் 1833ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் மகா மாரியம்மன் ஆலயத்தை மலாயில் 'கூயில்' என்பார்கள். கோயில் என்ற சொல் அப்படியே கடல் கடந்திருக்கிறது.

இந்தச் சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கப்பல், கடை, முதல், கோயில். யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள், வந்த இடத்தில் எதைக் கட்டினார்கள் என்பதை இந்த நான்கு சொற்களே சொல்லிவிடும். லெபோ பாசாரை நம் முன்னோர் 'கடைத்தெரு' என்றே அழைத்தார்கள். 'பாசார்' பாரசீகத்திலிருந்து மலாய்க்கு வந்த சொல். நமக்குப் பழக்கமான 'பஜார்' அதன் உடன்பிறப்பு.

கடன் வாங்கியது அவர்கள் மட்டும் அல்ல. தோட்டத்தில் வளர்ந்த பாட்டி, தாத்தாவிடம் கேளுங்கள். ரப்பர் மரத்தைக் 'கித்தா மரம்' என்றுதான் சொல்வார்கள். அது மலாயின் 'கெத்தா'. தேயிலை என்று சொல்கிறோமே, அதன் முதலெழுத்தான 'தே' ஹொக்கியன் சீனத்தில் தேநீருக்குள்ள பெயர். மலாயின் 'தே'யும் ஆங்கிலத்தின் 'டீ'யும் அதே துறைமுகத்திலிருந்து கிளம்பியவைதான்.

எங்கே அந்தக் கோலம்?

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தாண்டினால் ஒரு சிறு தெரு. பெயர்ப் பலகையில் 'கம்போங் கோலம்' என்று இருக்கும். மாக்கோலமா, ரங்கோலியா என்று பிள்ளைகள் வாசல் வாசலாகத் தேடுவார்கள். ஒன்றும் இருக்காது. மலாயில் 'கோலம்' என்றால் நீர்நிலை. நீச்சல் குளத்தை 'கோலம் ரெனாங்' என்கிறார்களே, அதே சொல்தான். நீர்நிலை இருந்த குடியிருப்பு என்பதுதான் தெருப்பெயரின் பொருள்.

சுவாரஸ்யம் இனிமேல்தான். இந்தச் சொல் தமிழிலிருந்து போனதுதான். ஆனால் நாம் நினைத்த கோலத்திலிருந்து இல்லை, 'குளத்'திலிருந்து! காதுக்கு மிக நெருக்கமாக இருந்த சொல் உறவில்லை; கொஞ்சம் தள்ளி நின்ற சொல்தான் சொந்தம். கல்யாண வீட்டில் நம் சாயலில் இருப்பவரையெல்லாம் பங்காளி என்று நினைத்துவிடக் கூடாது அல்லவா, அதுபோல.

கடைத்தெருவுக்குத் திரும்பினால் நகைக்கடைகள். கண்ணாடிக்குள் தாலிச் சரடு தொங்கும். மலாயில் 'தாலி' என்றால் கயிறு. 'பார்த்தீர்களா, தாலிக்கயிறு!' என்று உடனே முடிச்சுப் போடத் தோன்றும். கல்யாணமான அண்ணன்மார்கள் கயிறு என்ற பொருளுக்கு ஒரு பெருமூச்சோடு தலையாட்டவும் செய்வார்கள். ஆனால் மலாயின் தாலி, பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கும் ஆஸ்திரனேசிய மொழிக்குடும்பத்தின் பழைய சொல். நம் தாலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கண்ணும் சாவும்

அந்தப் பக்கத்துச் சந்துகளில் எங்காவது 'ஜாலான் மாத்தி' என்ற பலகை கண்ணில் பட்டால் பயப்படாதீர்கள். 'மாத்தி' என்றால் சாவு. அது மேலே போக வழியில்லாத முட்டுச்சந்து. நம் பேச்சுத் தமிழில் 'மாத்தி' என்றால் மாற்றி. கிரேக்க மொழியில் 'மாத்தி' என்றால் கண்.

இங்கேதான் மொழியறிஞர்கள் எல்லோரும் காட்டும் ஓர் உதாரணம் வருகிறது. மலாயில் கண்ணுக்கு 'மாத்தா'. பிலிப்பீன்ஸின் தகாலோக்கிலும் மாத்தா, பிஜித் தீவிலும் மாத்தா, நியூசிலாந்தின் மாவோரியிலும் மாத்தா. இவை உண்மையான உடன்பிறப்புகள். கிரேக்கத்தின் மாத்தி மட்டும் வழிப்போக்கர். அதன் பழைய வடிவத்தைத் தோண்டினால் 'ஒம்மாத்தியோன்' என்று வேறு முகம் தெரிகிறது. கண்ணுக்குக் கண் என்று பொருளும் ஒலியும் ஒத்துப்போனது வெறும் தற்செயல்.

ஆஸ்திரேலியாவின் பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்துக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. உலகில் ஆயிரக்கணக்கான மொழிகள். மனித வாய் எழுப்பும் ஒலிகளோ கொஞ்சம்தான். குட்டிச் சொற்கள் எங்காவது மோதிக்கொள்ளத்தான் செய்யும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்காகத்தான். 'ஒன்று' என்பதிலிருந்து 'ஒன்', 'எட்டு' என்பதிலிருந்து 'எய்ட்', ஆகவே ஆங்கிலம் தமிழின் பிள்ளை என்று ஒரு செய்தி வராத மாதம் உண்டா? பழைய ஆங்கிலத்தில் ஒன்றுக்குச் சொல் 'ஆன்'. எட்டுக்கு லத்தீனில் 'ஒக்தோ', ஜெர்மனில் 'ஆக்ட்', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. பின்னோக்கிப் போகப் போக அவை ஒன்றையொன்று நெருங்குகின்றன. நம் எட்டிடமிருந்து விலகுகின்றன. உண்மையான உறவு என்றால் பழைய காலத்துக்குப் போகும்போது நெருக்கம் கூட வேண்டும்.

கொரிய நாடகம் பார்க்கும் வீடுகளில் இன்னொன்று. அங்கேயும் அப்பா 'அப்பா', அம்மா 'ஒம்மா'. மகிழ்ச்சிதான். ஹங்கேரியிலும் அப்பா 'ஒப்பொ' என்பது போல ஒலிக்கும். ஆனால் ஜார்ஜியாவில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா! மாண்டரினில் 'மாமா' அம்மா. நமக்குத் தாயின் சகோதரர். நெகிரி செம்பிலான் மினாங்கபாவ் மக்களுக்கும் 'மாமாக்' என்றால் தாய்மாமன்தான். உலகெங்கும் குழந்தையின் உதடு முதலில் எழுப்புவது 'ம', 'ப' போன்ற ஒலிகள். பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் அது தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் இதற்காகவே ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்.

பிடிக்கும் என்பதற்காகப் பொய் உறவைச் சுமந்து திரிந்தால், பிள்ளைகள் ஒருநாள் பல்கலைக்கழகத்தில் அது பொய் என்று தெரிந்துகொள்வார்கள். அன்றைக்குக் கப்பலும் கடையும்கூடக் கட்டுக்கதை என்று நினைத்துவிடுவார்கள். எனக்குக் கவலை அதுதான்.

வாங்கலா, விற்கலா?

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் தண்ணீர் மேல் கால் ஊன்றி நிற்கும் சியூ படகுத்துறை வீடுகள். இங்கே ஹொக்கியன் ஆட்சி. இந்த மொழியில் 'பே' என்று குரலை ஒரு விதமாக விட்டால் வாங்குவது, இன்னொரு விதமாக விட்டால் விற்பது. வியாபாரத்தில் நேர் எதிரான இரண்டு சொற்களுக்கு நடுவே இருப்பது குரலின் ஏற்ற இறக்கம் மட்டும். மாண்டரினிலும் 'மாய்' அப்படித்தான். நான்குக்கும் சாவுக்கும் ஒலி நெருக்கம் என்பதால்தான் அடுக்குமாடி லிப்டில் 4க்குப் பதில் '3ஏ' பார்க்கிறோம். 'கல்', 'கால்' என்று நாம் நீட்டிக் குறுக்கிப் பொருளை மாற்றுவதை அவர்கள் மெட்டில் மாற்றுகிறார்கள்.

மாலையில் பஸ் பிடித்து ஆயர் ஈத்தாம் போகலாம். கெக் லோக் சி கோயில் அங்கேதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்த சுற்றுலாப் பயணி அந்தப் பலகையைக் 'கறுப்புக் காற்று' என்று படிக்கக்கூடும். மலாயில் 'ஆயர்' தண்ணீர்; கறுப்புத் தண்ணீர் என்ற ஊர் அது. தமிழில் ஆயர் என்றால் இடையர். நம் கத்தோலிக்க நண்பர்களுக்கு பிஷப். ஒரே பலகை, நாலு வாசிப்பு.

சிரிப்பும் மரியாதையும்

இரவு வானொலியைத் திருப்பினால் மலாய் அறிவிப்பாளர் 'செலாமாட் மாலாம்' என்பார். பின்பாதியைக் கேட்டு நம் வீட்டுக் குட்டிகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவருக்கு அது இரவு. நம் காதில் விழுவது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 'சூசூ' என்றால் பால் என்று முதன்முதலாக மலாய் வகுப்பில் கேட்டபோது சிரிக்காத தமிழ்ப் பிள்ளை உண்டா?

ஆனால் தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும். நாம் உயிராக மதிக்கும் 'தாய்' என்ற சொல் மலாய்ப் பேச்சில் அதே அசுத்தத்தைக் குறிக்கும். தாய்மொழி, தாய்நாடு, தாய்ப்பால் என்று நாம் உருகும்போது மலாய்த் தோழி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டால் காரணம் இதுதான். அவர்கள் இரவு நமக்குச் சிரிப்பு, நம் தாய் அவர்களுக்குச் சிரிப்பு. கணக்கு சரியாகிவிட்டது.

பிள்ளை சிரித்தால் அதட்டாதீர்கள். இரண்டு பக்கத்தையும் சொல்லிக்கொடுங்கள். தாய் என்ற சொல்லைக் கேட்டு வகுப்பில் யாராவது சிரிக்கும் நாளில் நம் பிள்ளை குறுகிப்போகாமல், 'அது எங்கள் மொழியில் அம்மா, உங்கள் மாலாம் எங்களுக்கு என்ன தெரியுமா?' என்று கேட்டுச் சேர்ந்து சிரிக்கும். தமிழ் பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட ஒரு சிறு சிரிப்பில்தான் முதல் முறை வாயை மூடிக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒரு சொல். மலாயில் 'கித்தா' என்று இன்னொன்று இருக்கிறது, ரப்பர் இல்லை. நம் 'கிட்ட' போல ஒலிக்கும், பொருள் 'நாம்'. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் நாம். அவரை விட்டுவிட்டுச் சொன்னால் 'காமி', அதாவது நாங்கள். ஹொக்கியனிலும் கேட்பவரைச் சேர்த்துச் சொல்ல 'லான்' என்று தனிச் சொல் உண்டு. ஆங்கிலத்தின் 'வீ'க்கு இந்த வித்தியாசம் தெரியாது. மூன்று மொழிகளும் மூன்று வேறு குடும்பங்கள். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் இருப்பவரைச் சேர்ப்பதா விடுவதா என்ற கேள்வியை மூன்றுமே வாய் திறக்கும்போதெல்லாம் கேட்கின்றன.

அடுத்த முறை பினாங்கில் மலாய், சீன நண்பர்களோடு ஒரே மேசையில் சாப்பிட உட்காரும்போது, 'நாம்' என்பதை மூன்று மொழியிலும் பிள்ளைகளைச் சொல்லவையுங்கள். நாசி கண்டார் ஆறிவிடும் என்றால் மட்டும், சாப்பிட்ட பிறகு.