ஏவலும் எளிமையும்

தோட்டப்புறத் தமிழர்க்குக் கட்டளைச் சொல் புதிதன்று. வைகறையில் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன நிரைக்கு எனப் பணித்தபோது, அதன் பொருள் விளங்காது நின்றவர் இலர்.

இன்று பாகான் நக்கோடா ஓமார்க் கடலோரத்திலும் அதனையடுத்த செம்பனைத் தோட்டங்களிலும் முதியோர் கையிலும் கைப்பேசி தவழ்கிறது. அதில் மறைந்த கணவரின் படத்தைப் பார்த்திருக்கும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். விரல் தவறிப் படுகிறது. 'நீக்கு', 'ரத்து செய்' என இரு சொற்கள் தோன்றுகின்றன. எதை ரத்து செய்வது? படத்தையா, நீக்கும் செயலையா? அவர் அறிந்த வழக்கில் இரண்டும் இல்லாமற் செய்வதே. எதனையும் தொட அஞ்சி, பள்ளி விட்டு வரும் பேரனுக்காகக் காத்திருக்கிறார். 'படத்தை அழி', 'வேண்டாம், இருக்கட்டும்' என்றிருந்தால் அந்த அச்சம் நேர்ந்திராது.

கணினியில் தமிழ் ஏறியது எளிதில் நிகழ்ந்ததன்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். 1999இல் சென்னை மாநாடு விசைப்பலகைத் தரத்திற்கு வழிகோலியது. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது; 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. எழுத்துச் சிக்கல் பெரிதும் தீர்ந்தது. சொல் தெளிவே எஞ்சிய பணியாகும்.

ஆங்கிலத்தில் 'பிரிண்ட்' என்பது பெயருமாகும், வினையுமாகும். தமிழிலோ 'அச்சு' வேறு, 'அச்சிடு' வேறு. எனவே மொழிபெயர்ப்பாளர் முதலில் ஒரு வினாவுக்கு விடை காணல் வேண்டும்: யார், யாரை ஏவுகிறார்? மனிதர் கருவியை ஏவுமிடத்துத் 'திற', 'மூடு', 'சேமி' என்னும் ஏவல் ஒருமையே பொருந்தும். அதில் மரியாதைக் குறைவு இல்லை. கருவி மனிதரை வேண்டுமிடத்துக் 'கடவுச்சொல்லை உள்ளிடுக' என வியங்கோள் வருதல் முறை. சிலர் எங்கும் 'சேமிக்க' என்றே எழுதுவர். அது வியங்கோளுமாகும், செயவென் எச்சமுமாகும். ஆதலின் கட்டளை இடுபவர் யார் என்பது மயங்கும்.

சொல்லைத் தேர்வதற்கும் வாழ்க்கையே அளவுகோல். 1970களில் செராக்ஸ் ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் உடன் பணியாற்றியோரும் கத்தரியும் பசையும் கொண்டு தாளைத் திருத்தும் வழக்கத்தையே கணினிக்குக் கொணர்ந்தனர். 'வெட்டு', 'ஒட்டு' என்பன தமிழிலும் உடனே விளங்குவது அதனாலேயே. மலாயில் 'சிம்பான்' என்பது பொருளை எடுத்து வைப்பதைக் குறிக்கும் வீட்டுச் சொல். கணினியிலும் அதுவே நிலைத்தது. உண்டியலில் காசு போடும் குழந்தைக்குச் 'சேமி' என்பதும் அத்தகையதே.

கலைச்சொல் ஆக்குவோர் அகராதியைப் புரட்டுவது நன்று. அதன்பின், ஆக்கிய சொல்லை ஒரு மூதாட்டியிடம் காட்டி, 'இதைத் தொட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டறிதல் அதனினும் நன்று. ஆசிரியரும் மாணவரும் இத்தேர்வை வகுப்பிலும் வீட்டிலும் நடத்தலாம். பெரட்டுக் களத்துச் சொல்லில் இருந்த தெளிவு கைப்பேசித் திரையிலும் அமையுமாயின், அம்மூதாட்டி பேரனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.