சுருளில் மிஞ்சிய படங்கள்

என் சித்தப்பா தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்லர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் எழுதுவினைஞராக இருந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய யாஷிகா கமரா ஒன்று அவரிடம் இருந்தது. மயிலிட்டியில் எங்கள் ஒழுங்கையில் கமரா இருந்த வீடு அது ஒன்றுதான்.

விடுமுறை கிடைத்தால் சித்தியையும் அழைத்துக்கொண்டு யாழ்தேவி ஏறிவிடுவார். நுவரெலியாவின் தேயிலைச் சரிவுகள், சிகிரியாக் குன்று, திருகோணமலைக் கோணேசர் கோயில் என்று 36 படங்கள் கொண்ட சுருளை எண்ணி எண்ணிச் செலவழிப்பார். ஊர் திரும்பும்போது இரண்டோ மூன்றோ மிஞ்சியிருக்கும். சுருள் முடியாமல் ஸ்ரூடியோவில் கொடுப்பது வீண்செலவு அல்லவா? எனவே மிஞ்சியவற்றை வீட்டைச் சுற்றியே எடுத்து முடிப்பார். கிணற்றுக்கட்டில் இருக்கும் சித்தி, வலை பொத்தும் அயலவர், கரையில் ஏற்றிய வள்ளம், வெயிலில் காயும் கருவாடு.

"இதுகளை எடுத்து என்ன செய்யப் போறியள், சித்தப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"றோல் முடிய வேணுமே, தம்பி" என்றார்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. பலாலிப் படைத்தளத்தை அண்டியிருந்த எங்கள் ஊர் அம்மாத நடுப்பகுதியில் முழுவதுமாக இடம்பெயர்ந்தது. புறப்படும் அவசரத்தில் அல்பங்கள் இருந்த பையைச் சித்தப்பா தமது சைக்கிளில் கட்டினார். நான் அதை அவிழ்த்து வைத்துவிட்டு அரிசி மூட்டையைக் கட்டினேன். "மூன்று நாளிலை வந்திடுவம், படங்கள் எங்கை போகப் போகுது?" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார்.

அந்த மூன்று நாட்கள் 27 ஆண்டுகளாயின. சித்தப்பா அவற்றில் பதினெட்டு ஆண்டுகளையே கண்டார். மல்லாகத்து நலன்புரி நிலையமொன்றில் அவர் கண்மூடினார். அல்பங்களைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

2017 ஜூலை 3 அன்று மயிலிட்டித் துறைமுகமும் அதனையொட்டிய 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்டன. எங்கள் காணி அதனுள் அடங்கியது. சித்தியுடன் நானும் சென்றேன். கடலைத் தவிர எதையும் என்னால் அடையாளம் காண முடியவில்லை. வீடு இருந்த சுவடே இல்லை. வேலிகள் இல்லை, எனவே ஒழுங்கையும் இல்லை. எங்கும் பற்றைக் காடு. காணி உறுதி கையில் இருந்தது; ஆனால் உறுதியில் எழுதிய எல்லைகளைக் காட்ட நிலத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அவ்வேளையில் கைகொடுத்தவை கனடாவிலிருந்து வந்த பதினொரு படங்கள். சித்தியின் தங்கைக்கு எழுதிய கடிதங்களுடன் சித்தப்பா அனுப்பியவை அவை. ஊரைப் பார்க்க ஆசை என்று அவர் கேட்டதால், சுருளின் கடைசியில் எடுத்த வீட்டுப் படங்களையே அனுப்பியிருந்தார். நல்ல படங்கள் என்று தாம் கருதிய மலைகளையும் குன்றுகளையும் அல்பத்தில் பத்திரப்படுத்தினார். பத்திரப்படுத்தியவை அழிந்தன, கொடுத்தவை தப்பின.

அக்கால வண்ணப் படங்களில் நீலச்சாயம் முதலில் மங்கிவிடும். படம் செம்மை படரும். எங்கள் கடலும் அப்படித்தான் செங்காவி நிறத்தில் இருந்தது. ஆயினும் கிணற்றடிப் படத்தில் சித்தியின் பின்னால் அயல்வீட்டுப் படலைத் தூண் தெளிவாகத் தெரிந்தது. அதன் உச்சியில் சீமெந்தில் செய்த தாமரை மொட்டு. பற்றைக்குள் தேடித்தேடி அந்தத் தூணைக் கண்டோம். மொட்டில் பாதி உடைந்திருந்தது. அங்கிருந்து படத்தைப் பிடித்துப் பார்த்துச் சித்தி நடந்தார். இருபத்தியிரண்டாவது அடியில் நின்று, "இதிலைதான், தம்பி" என்றார். மண்ணை அகற்றியபோது கிணற்றுக்கட்டு தட்டுப்பட்டது. கிணற்றிலிருந்து மற்ற எல்லைகளை அளந்துகொண்டோம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் இருக்கிறேன். இடிந்த வீடுகளின் படங்கள் எத்தனையோ என் மேசையைக் கடந்து அச்சேறியுள்ளன. இடிவதற்கு முன் அவை எப்படி இருந்தன என்பதற்கு எங்களிடம் படம் இருந்ததில்லை. செய்தி நிகழ்ந்த பின்னரே செய்தியாளன் கமராவுடன் போகிறான். சிகிரியாவை உலகமே படமெடுத்து வைத்திருக்கிறது. எங்கள் கிணற்றடியை எடுத்தவர் ஒருவர்தான். அதுவும் சுருளை முடிப்பதற்காக.

மயிலிட்டித் துறைமுகத்தில் இன்று மீண்டும் படகுகள் கட்டப்படுகின்றன. வலிகாமம் வடக்கில் இன்னமும் விடுவிக்கப்படாத காணிகள் இருக்கின்றன. அவற்றின் படலைத் தூண்கள் கனடாவிலோ பிரான்சிலோ ஓர் அலுமாரிக்குள் இருக்கக்கூடும். உலகெங்கும் பரந்திருக்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள்: பழைய கடிதக் கட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். படத்தின் பின்புறத்தில் இடத்தையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். நெகற்றிவ் இருந்தால் எறியாதீர்கள். ஸ்கான் செய்து ஒரு பிரதியை உறவினருக்கு அனுப்புங்கள்; 2005 முதல் எங்கள் ஆவணங்களைச் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம்.

சைக்கிளிலிருந்து அந்தப் பையை அவிழ்த்த கை என்னுடையது. ஆகையால் இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.