அவசரம் தெரியாத காமிரா

சினிமா பார்த்துவிட்டு வந்தால் கதாநாயகியின் புடவையைப் பற்றிப் பேசுகிறோம், பாட்டை முணுமுணுக்கிறோம், வில்லனைத் திட்டித் தீர்க்கிறோம். "படம் பிடித்தவர் யார்?" என்று ஒருவர் கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிக்கிறோம். அத்தனையையும் நமக்குக் காட்டியவரே அவர்தான். ஆனால், காட்டுகிறவரை யார் கவனிக்கிறார்கள்!

சுப்ரத மித்ரா அப்படிப்பட்ட ஒருவர். 1930-ல் பிறந்த வங்காளி. பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படம் எடுக்க வங்காளத்துக்கு வந்தபோது, இந்தப் பிள்ளையாண்டான் ஓர் ஓரமாக நின்று, எந்த விளக்கை எங்கே வைக்கிறார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய கலாசாலை. 1952-ல் ஸத்யஜித் ரே 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கி இவரைக் காமிராவுக்கு அழைத்தபோது, வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. சினிமாக் காமிராவை அதற்கு முன் அவர் இயக்கியதே இல்லை! படம் 1955-ல் வெளிவந்தது. மிட்டாய்க்காரர் பின்னால் குழந்தைகள் ஓடும் காட்சிக்கு ஸிதார் வாசித்தவரும் இவரேதான்.

அடுத்த ஆண்டு 'அபராஜிதோ'. காசியில் உள்ள ஒரு வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் ஸெட்டாகப் போட்டார்கள். ஸ்டூடியோ விளக்கு நேராக விழுந்தால் நாலா பக்கமும் நிழல் அடிக்கும். திறந்த முற்றத்துப் பகல் அப்படியா இருக்கும்? கொடியில் வெள்ளை வேஷ்டி உலரும்போது எதிர்த் தாழ்வாரம்கூட லேசாக வெளிச்சம் பெறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மித்ரா செய்ததும் அதுதான். ஸெட்டுக்கு மேலே துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன் மேல் பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம், ஆகாயத்திலிருந்து இறங்குவதுபோல மெத்தென்று இறங்கியது.

ரேயும் அவரும் சேர்ந்து செய்தவை பத்துப் படங்கள். 'சாருலதா' (1964) அவற்றில் ஒன்று. புருஷனுக்குப் பத்திரிகையே உலகமாகிவிட, வீட்டில் தனியாக இருக்கும் மனைவி, ஜன்னலுக்கு ஜன்னல் போய்ச் சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடியால் தெருவைப் பார்க்கிறாளே, அந்தத் தனிமையை ஒரு வசனமும் இல்லாமல் காமிரா சொல்லிவிடுகிறது.

1966-ல் வந்த 'நாயக்' படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். ரே காமிராவைத் தாமே இயக்கத் தொடங்கியிருந்தார். மித்ராவுக்கோ அப்போது முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதுதான்.

அதன் பிறகு? அதே ஆண்டில் ராஜ் கபூரும் வஹீதா ரஹ்மானும் நடித்த ஹிந்திப் படம் 'தீஸ்ரி கஸம்' வந்தது. ஜேம்ஸ் ஐவரிக்காக 'தி குரு' (1969), 'பாம்பே டாக்கி' (1970). அப்புறம் விரல் விட்டு எண்ணிவிடலாம். 'நியூ டில்லி டைம்ஸ்' (1986) படத்துக்குத் தேசிய விருது வந்தது. அந்த ஆண்டே பத்மஸ்ரீ பட்டமும் வந்தது. விளக்கு அமைக்க நேரம் எடுத்துக்கொள்வார், மனசுக்குத் திருப்தி இல்லாமல் காமிராவை ஓட விடமாட்டார் என்று அவருக்குப் பெயர். ஸ்டூடியோ வாடகையை மணிக்கணக்கில் கட்டுகிற முதலாளிகளுக்கு இது ஒத்து வருமா?

வாரா வாரம் பக்கங்களை அச்சுக்கு அனுப்பியாக வேண்டிய பிழைப்பு எனக்கு. ஆகவே, இந்த மனிதர்மீது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கொஞ்சம் விட்டுக்கொடுத்து, இன்னும் இருபது படம் எடுத்திருக்கக் கூடாதா? நஷ்டம் நமக்கல்லவா?

பிறகு யோசித்தேன். கையால் அரைத்த மாவில்தான் முறுக்குச் சுற்றுவேன் என்று அடம் பிடிக்கும் பாட்டிகள் உண்டு. அவசரமாகக் கேட்டால், "அப்படியானால் இந்தத் தீபாவளிக்கு முறுக்கே வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். கடை மாவில் செய்தாலும் முறுக்கு முறுக்குத்தான். ஆனால் பாட்டியின் முறுக்கு ஆகாது. மித்ராவின் மறுப்பும் அந்த ஜாதி. இதற்கு விலை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டுக்காரர் நம் லட்சியத்தைப் பார்த்து வாடகையைக் குறைப்பதில்லை. எல்லோராலும் கொடுக்க முடிகிற விலை அல்ல அது. கொடுக்க முடியாதவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

1997-ல் மித்ரா கல்கத்தாவில் ஒரு திரைப்படப் பயிற்சி நிலையத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். அந்த நிலையத்துக்கு வைத்திருந்த பெயர், ஸத்யஜித் ரேயின் பெயர்! என்றோ பிரிந்த கூட்டாளியின் பெயர் வாசலில் இருக்க, உள்ளே இளைஞர்களுக்கு ஒளிப்பதிவு சொல்லிக்கொடுத்தார். 2001 டிஸம்பரில் காலமாகும் வரை அந்தப் பணியில் இருந்தார்.

எடுக்காமல் போன இருபது படங்களுக்காக எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் கோபம் போய்விட்டது. கற்றுக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நின்ற பையன், கடைசியில் கற்றுக்கொள்ள வந்தவர்கள் நடுவில் போய் நின்றார். நடுவே ஒரு நாளும் அரைகுறையாக வேலை செய்ய அவர் சம்மதிக்கவில்லை.