எழுபது வளைவுகளில் ஒரு வாடகை வண்டி

குரூசர் வாங்கப் போகிறேன் – 2

ஷோரூமில் எனக்குக் கிடைத்த டெஸ்ட் ரைடு பத்து நிமிடம். மெயின் ரோட்டில் ஒரு சிக்னல் வரை போய், யூ டர்ன் அடித்து, சர்வீஸ் ரோடு வழியாகத் திரும்ப வேண்டும். விற்பனைப் பிரிவுத் தம்பி பின்னால் உட்கார்ந்து "சவுண்டு எப்படி சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சவுண்டு நன்றாகத்தான் இருந்தது. போன வாரம் அதை விரிவாகவே எழுதியிருந்தேன். ஆனால் இரண்டு லட்சத்துக்கு மேல் போட்டு, மூன்று வருடம் தவணை கட்டி ஓட்டப்போகிற வண்டி இது. எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு தாங்குமா, மலை ஏறினால் கைக்கு அடங்குமா, பின்னால் உட்காருகிறவருக்கு ஒத்துவருமா என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரியாது. அதனால் அதே வகை வண்டியை, ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ஐ, மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தேன். மனைவியும் வந்தாள். போனது கொல்லிமலைக்கு.

முதலில் வாடகைக் கடை. முறைப்படி வாடகைக்கு விடும் வண்டிக்கு நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். இதற்கென்றே 1997-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளை பிளேட் வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருவதாக யாராவது சொன்னால் தயவுசெய்து எடுக்காதீர்கள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிட இடம் இருக்கிறது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றின் நகலையும் வாங்கிக்கொண்டேன். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, இருந்த கீறல்களையெல்லாம் போனில் வீடியோ எடுத்தேன். செயின் தொங்கிப்போய் இருந்தது. விரலால் தூக்கினால் ஏகத்துக்கு மேலே வந்தது. இறுக்கிக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று நின்றேன். அரை மணி நேரம் போயிற்று, ஆனால் செய்து கொடுத்தார்கள்.

"வேற யாராவது ஓட்டுவாங்களா சார்? ஓட்டினா அவங்க லைசென்ஸையும் சேர்த்துக்கணும்" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க, நான் மட்டும்தான்."

மனைவி ஹெல்மெட்டின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தாம்பரத்தைத் தாண்டினோம். சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் வலப்பக்கம் பிரிவது ஒரகடம் போகும் சாலை. இந்த வண்டிகள் பிறக்கும் திசை அது. 1955-இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்துகொண்டிருந்த கம்பெனி, 2013-இல் ஒரகடத்திலும் பிறகு வல்லம் வடகாலிலும் ஆலை போட்டது. சந்திப்பில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்புவதற்காக நின்றிருந்தது. உள்ளே என்ன இருந்ததோ, எனக்கு அதில் வரிசையாகப் புது வண்டிகள் நிற்பதுபோலவே தோன்றியது. ஊரிலேயே செய்யும் பொருளை வாங்கப்போகிறோம் என்ற எண்ணம் மனதுக்கு இதமாக இருந்தது.

மதுராந்தகம் ஏரியைத் தாண்டும்போது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. அதுவரை வண்டி ஒரு தொட்டில். எழுபது, எழுபத்தைந்தில் டப்டப்பென்று சீராகப் போகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், கை தளர்ந்திருக்கிறது, கால் முன்னால் நீண்டிருக்கிறது. பின்னாலிருந்து தோளைத் தட்டினாள்.

"என்னங்க, கியரை ரொம்ப லேட்டா மாத்துறீங்க. வண்டிதான் அடியிலேயே இழுக்குதே."

சரிதான். இந்த இன்ஜினில் பிஸ்டனின் விட்டம் 72 மி.மீ., அது மேலும் கீழும் போய்வரும் தூரம் 85.8 மி.மீ. அப்படி நீளமாக ஓடுகிற பிஸ்டனை விரட்ட வேண்டியதில்லை. குறைந்த சுற்றிலேயே இழுக்கும். இழுவிசையின் உச்சமான 27 நியூட்டன் மீட்டர் 4,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. இருபது வருடமாகச் சின்ன வண்டிகளை முறுக்கி ஓட்டிய பழக்கம் என் காலில் இருந்தது. அதன்பிறகு கியரைச் சீக்கிரம் மாற்றத் தொடங்கினேன். வண்டியின் குரலே இறங்கிப்போனது.

திண்டிவனத்தில் காபிக்கு இறங்கியபோது முதுகெலும்பின் கடைசிக் கணுவில் சுள்ளென்றது. இது அந்த வண்டியின் குறை அல்ல, குரூசர் என்ற வகையின் சுபாவம். சாதாரண பைக்கில் கால் இடுப்புக்கு நேர் கீழே இருக்கும். பள்ளம் வந்தால் காலை ஊன்றி லேசாக எழுந்துகொள்வோம், அடியைத் தொடையும் முழங்காலும் பங்குபோட்டுக்கொள்ளும். குரூசரில் கால் முன்னால் இருப்பதால் எழ முடியாது. விழுகிற அடி முழுவதையும் வால் எலும்புதான் வாங்குகிறது. கிளாசிக் 350-இலும் இதே குடும்பத்து இன்ஜின்தான். அதன் சீட் உயரம் 805 மி.மீ., இதில் 765. நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்தி, காலை முன்னே தள்ளியதும் வண்டியின் குணமே மாறிவிடுகிறது. காகிதத்தில் படித்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. திண்டிவனத்தில் பெஞ்சில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே காபி குடித்தபோதுதான் உறைத்தது.

அங்கிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எழுபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தம், ஐந்து நிமிடம் நடை. ஸ்பீடு பிரேக்கர் தெரிந்தால் முன்னாடியே வேகத்தைக் கொன்றுவிடுவது. உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பி, கள்ளக்குறிச்சி, தலைவாசல் காய்கறிச் சந்தை எல்லாம் தாண்டி ஆத்தூர் வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஜவ்வரிசி ஆலைகளின் களம் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் புளித்த மாவு வாசனை ஹெல்மெட்டுக்குள்ளேயும் வந்தது. மனைவி அதுவரை எதுவும் சொல்லவில்லை. ஆத்தூரில் இறங்கியதும் சொன்னாள்.

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். எனக்குப் பின்னாடி சாய ஒண்ணுமே இல்லை. நீங்க வேகம் எடுக்கிறப்பல்லாம் பின்னாடி விழுந்துடுவோமோன்னு வயித்தைப் பிசையுது."

எங்களுக்குக் கிடைத்தது ஃபயர்பால் என்ற அடிப்படை ரகம். ஸ்டெல்லார், சூப்பர்நோவா ரகங்களில் பின்சீட்டுக்கு முதுகுத் தாங்கி உண்டு. சூப்பர்நோவாவில் முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் உண்டு. ஷோரூமில் ரகங்களின் விலை வித்தியாசத்தைப் பார்த்தபோது, வெறும் சாயத்துக்கும் குரோமுக்கும் இவ்வளவு பணமா என்று நினைத்திருந்தேன். பின்சீட்டில் ஒருவர் 280 கிலோமீட்டர் உட்கார்ந்து வந்த பிறகு அந்தக் கணக்கு வேறாகிவிட்டது. தம்பதியாகப் பயணம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி வாங்குவது ஒருவர், உட்காருவது இருவர்.

மல்லியகரை வழியாக ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி. அதைத் தாண்டி மலையடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு.

குரூசரை நேர் ரோட்டில் யாரும் ஓட்டிவிடலாம். முன்சக்கரம் நன்றாக முன்னே தள்ளி இருப்பதாலும், இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1,400 மி.மீ. தூரம் இருப்பதாலும் அது தானாகவே நேராகப் போகத்தான் பார்க்கும். அதே குணம் வளைவில் எதிர்த்து நிற்கும். முதல் நான்கைந்து வளைவுகளில் வண்டி எனக்கு வெளிப்பக்கமாகவே ஓடியது. இடப்பக்க வளைவுதான் சிரமம். நாம் இடது ஓரம் போகிறவர்கள் என்பதால், அதில் உள்ளொட்டிய குறுகலான செங்குத்துத்தான் நம் பங்குக்கு வரும். வேகம் செத்துப்போய், 191 கிலோ வண்டியும் இரண்டு ஆளும் இடப்பக்கமாகச் சரியப் பார்ப்போம். அந்த நேரத்தில் கிளட்சை முழுக்க விட்டாலும் தப்பு, முழுக்கப் பிடித்தாலும் தப்பு. பாதியில் நிறுத்தி, பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு, கண்ணை முன்சக்கரத்திலிருந்து பிடுங்கி வளைவு முடிகிற இடத்தில் வைக்க வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போகும்.

பன்னிரண்டாவது வளைவில் கிர்ர்ரென்று ஒரு சத்தம். இடது கால் வைக்கும் கட்டை தரையைத் தொட்டிருந்தது. மனைவியின் கை என் சட்டையை இறுக்கியது. தாழ்ந்த வண்டியில் கட்டையும் தாழ்ந்தே இருக்கும், அதனால் சாய்வதற்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைத்தான் அது சொல்லிக் காட்டியது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மதிக்க வேண்டும். அடுத்த வளைவிலிருந்து வேகத்தை முன்கூட்டியே குறைத்து, வண்டியைச் சாய்ப்பதற்குப் பதில் என் தோளை உள்பக்கம் கொண்டுபோனேன். அப்புறம் சத்தம் வரவில்லை. முப்பதாவது வளைவு வாக்கில் கைக்கும் வண்டிக்கும் ஒரு பேச்சுவார்த்தை ஏற்பட்டுவிட்டது. டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் முன்னால் இரண்டு சாக்கு, பின்னால் ஒரு வாழைத்தார் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் எதிரே இறங்கி வந்தார். எனக்கு வழிவிட்டு ஓரமாக நின்றார். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது நாம் லைசென்ஸ் வாங்கும்போது படித்து மறந்த விதி. அவர் மறக்கவில்லை. தலையசைத்துவிட்டுப் போனேன்.

இவ்வளவு ஓட்டியபின் ஒரு சந்தேகம் வந்தது. கிளட்ச் கொஞ்சம் கனமாக இருந்தது, மூன்றாவது கியர் சில சமயம் இடறியது. இது வண்டியின் குணமா, எனக்கு முன் ஓட்டிய நூறு கைகளின் வேலையா? வாடகை வண்டியை வைத்து முடிவு செய்யக்கூடாதவை கிளட்ச், கியர், பிரேக்கின் பிடிப்பு. இவை பராமரிப்பைப் பொறுத்தவை. ஷோரூமின் புது வண்டியில்தான் பார்க்க வேண்டும். உட்காரும் விதம், எடை, திருப்பம், காலில் அடிக்கும் சூடு ஆகியவை எத்தனை பேர் ஓட்டினாலும் மாறாது. அதற்குத்தான் வாடகைப் பணம்.

மேலே ஏறியதும் குளிர்க்காற்று. செம்மேட்டில் ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தினேன். இடம் சரிவு என்பதைக் கவனிக்காமல், முன்சக்கரம் சுவரைப் பார்க்க, இறக்கத்தில் விட்டுவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டியைப் பின்னால் இழுக்க முடியவில்லை. சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றி உந்தினேன். உட்கார்ந்தபடியே பாதம் முழுசாகத் தரையில் பதிகிறது, அது பெரிய உதவி. ஆனாலும் ஒரு சாண்கூட நகரவில்லை. டீக்கடைக்காரரும் ஒரு பையனும் வந்தார்கள். "அண்ணே, நீங்க நியூட்ரல்ல வச்சு ஹேண்டிலைப் பிடிச்சுக்கங்க, நாங்க இழுக்குறோம்" என்றார் கடைக்காரர். மூன்று பேர் சேர்ந்து மேட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அந்த இடத்தில் என் மனதிலிருந்த இன்னொரு வண்டி கழன்று விழுந்தது. 650 சிசி சூப்பர் மீட்டியாரின் மேல் எனக்கு ஆசை இருந்தது. இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், சீட் உயரம் இன்னும் குறைவாக 740 மி.மீ. அதன் எடை 241 கிலோ. அதாவது இந்த வண்டியின் மேல் ஒரு சிமென்ட் மூட்டையை ஏற்றிவைத்த கனம். நாற்கரச் சாலையில் அந்த மூட்டை தெரியாது. எங்கள் தெருவில், இரண்டு காருக்கு நடுவே, மழைநாளில், தனியாக அதைப் பின்னால் இழுக்கும்போது தெரியும். அந்த வண்டியை விரும்புகிறவர்களுக்கு அது பொருந்தலாம். எனக்கும் என் தெருவுக்கும் பொருந்தாது.

சாயங்காலம் தங்கும் இடத்துக்கு வந்து, இந்த முறை முன்சக்கரம் மேட்டைப் பார்க்க நிறுத்தினேன். ஆறிக்கொண்டிருந்த இன்ஜின் டிக், டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பையை அறையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மனைவி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்தி நேராகப் பிடித்திருந்தாள். ஐந்தடி இரண்டங்குல உயரத்துக்கு எந்தப் பெரிய பைக்கிலும் நுனிக்கால்தான் எட்டும் என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டு செருப்பும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன. இடதுகை கிளட்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன் அவள் அண்ணன் வண்டியில் பழகி, கியர் வண்டிக்கே லைசென்ஸ் வாங்கியவள். பதினைந்து வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுவதால் எனக்கு அது நினைவில் இல்லாமல் போயிருந்தது.

"கால் எட்டுதுங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தக் கடையில கேட்டப்போ என் பேரையும் எழுதச் சொல்லியிருக்கலாமே."

(தொடரும்)